வலமாகவே போனோம், கதவைச் சாத்திவிட்டார்கள்

என் மகள் தீபாவின் பெயருக்கு நேராக ‘ஆர்வம் இல்லை’ என்று எழுதினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பெல்லாம் எரிகிறது. அண்ணாமலையார் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் வந்திருக்கிறேன். ஆனால் அந்த எரிச்சலைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்குத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில் லெமனும் மோரும் சுண்டலும் விற்கிறேன். மலை சுற்றி வரும் உங்களில் பாதிப் பேர் என் கையால் ஒரு டம்ளர் மோராவது குடித்திருப்பீர்கள். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். தீபா அப்போது அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு.

செங்கம் ரோட்டில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளை எட்டாம் வகுப்பில் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டு முடிக்கிற வரைக்கும் கூடவே இருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் வழிகாட்ட ஓர் அக்காவோ அண்ணனோ உண்டு. சனிக்கிழமை தோறும் ஆங்கிலம், கம்ப்யூட்டர், நாடகம், அறிவியல் சோதனை எல்லாம் நடக்கும். எட்டாம் வகுப்பில் விட்டால் பிறகு சேர முடியாது. தீபா கட்டுரை எழுதி அனுப்பினாள், நேர்காணலுக்குக் கடிதமும் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தை அவள் புத்தகத்துக்குள் வைத்து, எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை பத்து மணி. பத்தரைக்கு மேல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை சித்திரைப் பௌர்ணமி.

திருவண்ணாமலையில் ஆபீஸ் போட்டுக்கொண்டு சித்திரைப் பௌர்ணமியில் ஒருவர் நேர்காணல் வைப்பாரா? வைத்தார்கள். சென்னையில் உட்கார்ந்து யாரோ தேதி குறித்திருக்கிறார்கள். அன்று பாதையில் பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் கடையில் நிற்பார்கள். பத்து பௌர்ணமி வியாபாரம் அந்த ஒரு நாளில் நடக்கும்.

நானும் யோக்கியம் இல்லை. “ஒரு மணி நேரம் பழம் பிழிஞ்சு குடுத்துட்டுப் போ”னு சொல்லி அவளை நிறுத்திக்கொண்டேன். எட்டு மணிக்குத்தான் தங்கையைக் கடையில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினோம். கூட்டம் வரும் வழியே, அதாவது அதற்கு எதிராக, நடந்தால் செங்கம் ரோடு நாலு கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரத்தில் போயிருக்கலாம். வலமாகச் சுற்றிப் போனால் பத்து கிலோமீட்டர்.

தீபா எதிர்ப் பக்கம் திரும்பினாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். சாதாரண நாளில் நானே அந்த வழியில் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஆனால் பௌர்ணமியில், அத்தனை சனமும் மலையைச் சுற்றி வரும்போது, எதிராக நடக்க எனக்கு மனசு வரவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளை வலமாகவே போகட்டும் என்று நினைத்தேன். செருப்பைக்கூடப் போட விடவில்லை.

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தார் ரோட்டுச் சூட்டில் அவள் பாதம் கொப்பளித்திருந்தது. வாசலில் நின்ற பையன் எங்கள் காலைப் பார்க்கவே இல்லை, கையில் இருந்த பட்டியலைப் பார்த்தான். முடிந்துவிட்டதாம். உள்ளே யாரையும் கேட்க முடியாதாம். தீபா அழவில்லை. கடிதத்தை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் எங்கள் ஊர் ஆதி அருணாசலேஸ்வரர் கோவிலுக்குப் போனேன். கைகூப்பவில்லை, கற்பூரம் வாங்கவில்லை. சன்னதி முன்னால் நின்று மனசுக்குள் திட்டினேன். உன் மரியாதைக்காகத்தானே பிள்ளையைச் சுடுகிற ரோட்டில் சுற்ற வைத்தேன்? உனக்கு மரியாதை கிடைத்தது, அவளுக்கு என்ன கிடைத்தது? எனக்கு வீடு வேண்டாம், நகை வேண்டாம். அவளுக்கு அந்தக் கதவைத் திறந்துவிடு. இல்லையென்றால் இனி உன் பாதையில் கடை போடுவேனே தவிர, உன்னைக் கும்பிட மாட்டேன். இப்படித்தான் வேண்டிக்கொண்டேன். இதற்குப் பெயர் பிரார்த்தனையா என்று எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் தீபாவைத் தேடிக் கடைக்கு வந்தாள். பெயர் தேன்மொழி, கீழ்பென்னாத்தூர்க்காரி. அந்த அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வராத பிள்ளைகள் ஒன்பது பேர் என்றும், ஒன்பது பேருமே கிரிவலப் பாதை ஊர்க்காரர்கள் என்றும், எல்லார் பெயருக்கு நேராகவும் ‘ஆர்வம் இல்லை’ என்று எழுதியிருப்பதாகவும் சொன்னாள். அவ்வளவுதான். பிழிந்த எலுமிச்சைத் தோலைக் கூடையில் வீசிவிட்டு வாய்க்கு வந்தபடி கேட்டேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

“காலண்டர்ல பௌர்ணமினு நான் பாத்தேன்க்கா. புதுசா சேர்ந்தவ, எதுக்கு வம்புனு வாயத் தொறக்கல. அந்தத் தப்பு என்னுது,” என்றாள். பிறகு கேட்டாள்: “இப்ப என்கிட்ட கேட்டீங்களே, அத அப்படியே எங்க ஆபீஸ்ல வந்து கேப்பீங்களா? நான் கூட நிக்கிறேன்.”

எனக்குச் சட்டென்று உறைத்தது. அண்ணாமலையாரிடம் கதவைத் திற என்று கேட்டேன். கதவுக்கு உள்ளே இருக்கிறவளையே கடைக்கு அனுப்பியிருக்கிறார். மற்றவர்கள் இதைத் தற்செயல் என்பார்கள். என் சண்டைக்குப் பதில் வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் போனேன். மேலாளர் நல்ல மனிதர்தான், காபி கொடுத்தார். நான் குடிக்கவில்லை. “ஏழைப் புள்ளைங்களுக்கு உதவுறோம்னு போர்டு வச்சிருக்கீங்க சார். அந்தப் புள்ளைங்க பௌர்ணமிக்கு எங்க நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? ஆர்வம் இல்லையா? கால் வெந்து வந்து நின்னாளே, அது இன்னா சார்?” என்றேன். தேன்மொழி பட்டியலை எடுத்து, ஒன்பது பேரின் ஊர்ப் பெயரையும் உரக்கப் படித்தாள். அவர் பேனாவை எடுத்து ‘ஆர்வம் இல்லை’ என்பதை ஒவ்வொன்றாக அடித்தார்.

அடுத்த வாரம் அவர்களே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒன்பது பேருக்கும் நேர்காணல் நடத்தினார்கள். ஆறு பேர் தேர்வானார்கள். தீபா ஒருத்தி. அவளுக்கு வழிகாட்டி தேன்மொழிதான். அந்த ஆபீஸ் காலண்டரில் இப்போது பௌர்ணமி எல்லாம் சிவப்பில் வட்டம் போட்டிருக்கும். நன்றி சொன்னேன். ஆனால் கேட்டு வாங்க வேண்டியிருந்ததே என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. கேட்கத் தெரியாத தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆன நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

என் தப்பைச் சொல்லிக் காட்டியவள் தீபாதான். ஒரு நாள் மோர் கடைந்துகொண்டே சொன்னாள்: “நான் எதிர்ல நடந்திருந்தா சாமி கோச்சிக்கிட்டு இருக்காதும்மா. நீதான் கோச்சிக்கிட்டு இருப்ப.”

நாலு வருடம் ஓடியது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை ஒன்று பௌர்ணமியில் வந்து விழுந்தது. மையம் அதே செங்கம் ரோட்டில். பாதையில் வண்டி விடவில்லை. நான் கடையைத் திறக்கவில்லை. தீபாவைச் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்லி, அவள் கையைப் பிடித்து, கூட்டத்துக்கு எதிராக இறங்கினேன். எத்தனையோ பேர் திட்டினார்கள். பௌர்ணமியும் அதுவுமா எதிரே வருதே, புத்தி இருக்கா என்றார்கள். “பொண்ணுக்குப் பரீட்சை, வழி விடுங்க”னு சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தேன். ஒன்பதரைக்கெல்லாம் அவள் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டாள்.

இன்று அவள் கல்லூரியில் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் அதே அறக்கட்டளையில் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்திக்கு அக்காவாக இருக்கிறாள்.

சொந்தங்களே, உங்களுக்கும் நியாயம் மறுக்கப்பட்டால் அண்ணாமலையாரிடம் போங்கள். அழ வருகிறதா, அழுங்கள். திட்ட வருகிறதா, திட்டுங்கள், அவர் தாங்குவார். திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள், எழுந்து போய்க் கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். பௌர்ணமிதோறும் மலையை என் வலக்கைப் பக்கமே பார்த்துப் பழகியவள் நான். பரீட்சைக்குப் போன அன்று மட்டும் இடக்கைப் பக்கம் பார்த்தேன். அதே மலைதான். அங்கேயேதான் இருந்தது.