எதிர்த்திசையில் போன பெட்டி

டெல்லி ஜூன் வெயிலில் நாங்கள் வெந்துகொண்டிருப்போம். எங்கள் விமான நிலையச் சரக்குக் கூடத்தில் ஏசி அறை பெட்டிகளுக்குத்தான். டெல்லியின் துவாரகா பகுதியில் வீடு, இங்கே வேலை என்று இருபது வருடமாக வெளிநாட்டுச் சிப் பெட்டிகளை இறக்கி அனுப்பியவன் நான். நகத்தளவு சிப், அது இல்லாவிட்டால் போன் இல்லை, கார் இல்லை, ஆஸ்பத்திரி மெஷினும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு வரத்து குறைந்தபோது கம்பெனிக்காரர்கள் எங்கள் வாசலில் தவம் கிடந்தார்கள். இவ்வளவு பெரிய தேசம் இப்படிக் கையேந்துகிறதே என்று அன்று வயிறு எரிந்தது.

போன மாதம் ஒரு பெட்டி எதிர்த்திசையில் வந்தது. குஜராத்தில் புதிதாகத் தொடங்கிய ஆலையின் சிப், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும் முதல் மாதிரி. மேலே ஒரு வெள்ளை ஸ்டிக்கர். பலமாகக் குலுங்கினால் சிவந்துவிடும். சிவந்தால் அங்கே பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிவிடுவார்கள்.

லோடர் சத்பீர் ஹரியானாக்காரர். நல்ல காரியமாயிற்றே என்று தேங்காயோடு வந்து, பெட்டி இருந்த மேசையிலேயே உடைக்கக் கையை ஓங்கிவிட்டார். பாய்ந்து பிடித்தேன்.

"மத்ராஸி ஹோகே நாரியல் ஸே மனா கர்தே ஹோ?"

தமிழனாகப் பிறந்து தேங்காயைத் தடுக்கிறாயே என்று அவருக்கு மெய்யாகவே வருத்தம். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்குத்தான் பயம், பகவானுக்கு இல்லை என்று என் அரைகுறை இந்தியில் விளக்கினேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, "அச்சா, அந்தர் பகவான் ஹை" என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். உள்ளே சாமி என்றே இருக்கட்டும் என்று வழிவிட்டேன்.

கூடத்தின் நீளம் முழுக்க வெறுங்காலோடு நடந்தார். எதிரே வந்த ஃபோர்க்லிஃப்ட்காரர் இன்ஜினை அணைத்து ஒதுங்கி நின்றார். ஸ்டிக்கரை விட்டுக் கண்ணெடுக்காமல் பின்னாலேயே போனேன். விமானத்துக்கு ஏற்றுகிறவர்களிடம் கொடுக்கும்போதும் அது வெள்ளையாகவே இருந்தது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

மனைவிக்குப் போன் செய்து, சிப் வெளிநாடு போனதைச் சொன்னேன். பாளையங்கோட்டைக்காரி, எந்தப் பொருளைச் சொன்னாலும் அவளுக்கு முதல் கேள்வி ஒன்றுதான்.

"நம்ம ஊர்ல செஞ்சதா?"

இத்தனை வருடமாகச் சோறு போடும் டெல்லியைக்கூட நாங்கள் இருவரும் நம்ம ஊர் என்று சொன்னதில்லை. குஜராத்தில் நான் காலே வைத்ததில்லை.

"ஆமா, நம்ம ஊர்லதான்" என்றேன்.