சைலன்சரில் நான் ஒளித்து வைத்த வளையம்

1. "சுமாரா பண்ணுங்கோ"

எஞ்சினுக்கு மேல்மூடியாக உட்கார்கிற ஹெட்டைச் செதுக்கும் வேலைக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. நாளைக்கே வேண்டும் என்று பாலக்கரையில் என் கடை வாசலில் நின்று சண்டை போட்டவர்கள் ஏராளம். வேலையைக் கொஞ்சம் மோசமாகச் செய்து கொடுங்கள் என்று கேட்டவர் ஒரே ஒருவர்தான். ஸ்ரீரங்கத்து வரதன் சுவாமி. கல்யாண வீடுகளுக்குத் தளிகைச் சமையல் செய்து கொடுப்பவர்.

அவருடைய ஒரே மகள் கோதை துவாக்குடியில் ஒரு சின்ன ஃபேக்டரியில் டிசைன் இன்ஜினியர். பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, நேர்கோட்டு ரேஸுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். மூடிய ஓடுதளத்தில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே மூச்சில் ஓடுகிற ரேஸ் அது. வண்டிக்கு நைட்ரஸ் போடப் போவதாகச் சொல்லி, ஹெட்டைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அப்பா தனியாக வந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை. ஹெட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"பாய், தப்பா நினைச்சுக்காதீங்கோ. இதை சுமாரா பண்ணுங்கோ. வண்டி ரொம்ப ஓடக் கூடாது. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுபோயிற்று. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். மகள் கிளம்பிப்போன பிறகு வாசல் கதவைச் சாத்தாமலே உட்கார்ந்திருப்பாராம், அவரே சொன்னார். எனக்கும் மஸ்கட்டில் ஒரு மகள் இருக்கிறாள், அங்கே கார் ஓட்டுகிறாள். என் மனசு இளகிவிட்டது. பார்க்கிறேன் சுவாமி என்று சொல்லி அனுப்பினேன்.

2. நைட்ரஸுக்கு ஹெட் தயாரிப்பது

நைட்ரஸ் என்றால் பல் டாக்டர் வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கிறாரே, அதே கேஸ்தான். எஞ்சினுக்குள் போனால் கூடுதலாக ஆக்சிஜனைக் கொடுக்கும். பெட்ரோலையும் சேர்த்து ஊற்றினால் உக்கிரமாக எரியும். எரிந்தது முழுக்க வெளியே போயாக வேண்டும். அதனால் நைட்ரஸ் வண்டியில் காற்று நுழைகிற இன்டேக் பக்கத்தை விட, புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் பக்கத்தில்தான் நமக்கு வேலை.

புதிதாக வருகிற பையன்கள் இன்டேக் போர்ட்டை, அதாவது காற்று நுழையும் வாயை, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். போடட்டும். நான் அதைத் தொடவே இல்லை. எக்ஸாஸ்ட் போர்ட்டைத்தான் அளவு பார்த்துப் பெரிசாக்கினேன். எக்ஸாஸ்ட் வால்வு போய் உட்கார்கிற சீட்டை வழக்கத்தை விட அகலமாக வெட்டினேன், வால்வில் ஏறுகிற சூடு அந்த வழியாகத்தான் ஹெட்டுக்குள் இறங்கும். சூட்டில் வால்வு தடித்துச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, வால்வின் தண்டு ஏறி இறங்குகிற கைடில் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டேன். எரியும் அறைக்குள் கூரான விளிம்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது பழுத்து, ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். விரலை விட்டுத் தடவித் தடவி எல்லாவற்றையும் மழுக்கினேன்.

இதுவரைக்கும் சரியாகத்தான் செய்தேன். ஹெட்டை மோசமாகச் செய்ய என் கை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவருக்குச் சொன்ன வார்த்தை? ஹெட்டை வண்டியில் பூட்டும்போது, சைலன்சருக்குப் போகிற புதுப் பெரிய எக்ஸாஸ்ட் பைப்பும், ஹெட்டிலிருந்து புகையை வாங்குகிற மேனிஃபோல்டும் சேருகிற இடத்தில், நடுவில் சின்ன ஓட்டையுள்ள ஓர் இரும்பு வளையத்தை வைத்து போல்ட்டை முறுக்கினேன். வெளியே பார்த்தால் தெரியாது. புகை போகிற வழி குறுகினால் வேகம் குறையும், பிள்ளை பத்திரமாக இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தனை வருஷத் தொழில் அந்த நிமிஷம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

3. துவாக்குடியில்

வண்டியை ஓட்டிப் பார்க்கத் துவாக்குடியில் ஒரு ஷெட்டுக்குப் போனோம். சக்கரங்களை உருளை மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு பவர் பார்க்கிற மெஷின் அங்கே இருந்தது. சுவாமியும் டப்பாவில் புளியோதரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

கேஸ் இல்லாமல் ஓட்டியபோது பவர் குறைவாக இருந்தது. கோதை புருவத்தைச் சுருக்கினாள். அடுத்து கேஸைத் திறந்து சில விநாடிகள் ஓட்டினாள். உள்ளே கூழாங்கல்லைக் குலுக்குவது போல ஒரு சத்தம். நிறுத்தச் சொல்லி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் மிளகுப் பொடி தூவினது மாதிரி புள்ளிகள். அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். பிஸ்டன் உருக ஆரம்பித்திருந்தது.

பெட்ரோல் போதவில்லை போல, கொஞ்சம் கூட்டிவிட்டு இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கோதை கேஸ் பாட்டிலின் திருகில் கை வைத்தாள். எவ்வளவு கேஸ் உள்ளே போக வேண்டும் என்பதை ஜெட் என்கிற பித்தளைத் துண்டின் ஓட்டைதான் தீர்மானிக்கிறது. வளையத்தைப் பற்றி அதற்கு என்ன கவலை? முழு நெருப்பும் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. இந்த ஷெட்டில் எஞ்சினோடு போயிருக்கும். ஓடுதளத்தில் முழு வேகத்தில் எஞ்சின் இறுகியிருந்தால் உள்ளே இருப்பது இந்தப் பெண்.

"கோதைம்மா, கையை எடு. தப்பு என்னோடது" என்றேன். வளையத்தைப் பற்றிச் சொன்னேன். சுவாமி பெயரை நான் எடுக்கவில்லை. அவரே முன்னால் வந்துவிட்டார்.

"நான்தான் பண்ணச் சொன்னேன்" என்றார்.

அவள் என் பக்கம்தான் திரும்பினாள். "வண்டி என்னோடது. உள்ள உக்காரப் போறதும் நான். என்னைக் கேக்காம எப்படி பாய் வச்சீங்க?"

அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் சுட்டது.

சுவாமிக்கு இன்னும் புரியவில்லை. அடைத்தால் வேகம் குறையத்தானே வேண்டும் என்று என்னிடம் கேட்டார். உங்கள் கோட்டை அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருக்கும்போது புகை போகிற வழியை அடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். தளிகைக்காரர் அல்லவா, நெருப்பும் சூடும் அடுப்படியில் நிற்கிறவர் மேலேயே திரும்பும் என்று அந்த நொடியே புரிந்துகொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கோதை போய் அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். அவர் தலை நிமிரவில்லை.

"பயமா இருக்குடி எனக்கு. நீ போற ஒவ்வொரு தடவையும் பயமா இருக்கு."

"ஒரு தடவைகூட நீங்க சொன்னதில்லையேப்பா. உங்களுக்கு ரேஸ் பிடிக்கலைன்னுதான் நினைச்சுண்டிருந்தேன். பயம்னு சொல்லியிருந்தா நானே சின்ன ஜெட் போட்டிருப்பேனே."

நானும் சுவாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சின்ன ஜெட் போட்டால் கேஸ் குறையும், அதற்கேற்ப பெட்ரோல் ஜெட்டையும் மாற்றினால் எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. இரண்டு ஸ்பேனர், ஐந்து நிமிஷம். ஹெட் வேலைக்காரன் நான், இதை அன்றைக்கே அவரிடம் சொல்லி, வீட்டுக்குப் போய் மகளிடம் பேசுங்கள் என்று அனுப்பியிருக்க வேண்டும்.

வளையத்தைக் கழற்றி எறிந்தேன். ஹெட்டை இறக்கி, உருகிய பிஸ்டனை என் பொறுப்பில் மாற்றினேன். திரும்பப் பூட்டிய அன்று கோதை தன் கையாலேயே சின்ன ஜெட்டுகளைப் போட்டாள். ரேஸில் அவளுக்கு மூன்றாவது இடம். சுவாமியும் போயிருந்தார். கண்ணை மூடிக்கொள்ளவில்லை, முழுசாகப் பார்த்தேன் என்று கடைக்கு வந்து சொன்னார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வண்டியில் உட்காரப் போகிறவருக்குத் தெரியாமல், எவ்வளவு பாசத்தோடு யார் கேட்டாலும், ஒரு வாஷரைக்கூட உள்ளே வைக்காதீர்கள். பாசத்தோடு கேட்டால் இன்னும் ஜாஸ்தி யோசியுங்கள்.