தம்பி பார்த்த வெளிச்சம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம் தம்பி கடைசியாகத் தொலைபேசி எடுத்தான். கொழும்பிலிருந்து, களவாக ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் புறப்பட்டு, மொஸ்கோவில் நெடுநாள் அடைபட்டுக் கிடந்து, ஜெர்மனியில் ஹம்பேர்க்கில் இருந்த என்னிடம் வந்துசேர வேண்டியவன். சின்ன வயதிலிருந்தே ஒருவர் சொல்லும் கேளாதவன்.

“அக்கா, எங்க நிக்கிறன் எண்டு தெரியேல்லை. காட்டோரம் ஒரு வீட்டில அடைச்சு வைச்சிருக்கிறாங்கள். ராவில வானத்தில பச்சைச் சீலை காயப்போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் ஆடுது. நல்ல வடிவு.”

“உனக்கு விசரே? எந்த நாடெண்டு கேட்டுச் சொல்லு.”

“கேட்டால் அடிக்கிறாங்கள். நாளைக்கு எல்லையால நடக்கிறம். ஆர் கூப்பிட்டாலும் வாய் திறக்கக் கூடாதாம். பொலிஸ் எங்கட ஆக்களை வைச்சுத் தமிழிலயும் கூப்பிடுமாம்.”

அத்தோடு தொடர்பு அறுந்தது.

கொழும்புக்கு எடுத்தால், “பெடியன் வருவான், பொறுங்கோ அக்கா” என்றான் ஏஜென்சிக்காரன். பிறகு அவனுடைய நம்பரே வேலை செய்யவில்லை. தொலைபேசிக்குக் காத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பயண அலுவலகத்தைத் துப்புரவு செய்வதுதான் என் வேலை. ஒருநாள் அங்கே கண்ணாடி துடைக்கும்போது புதிதாக ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக் கைத்துணியைக் கீழே போட்டுவிட்டேன். பனி, காடு, மேலே பச்சைச் சீலை. நோர்வேயின் வட முனைக்கு, ரஷ்ய எல்லைக்குக் கிட்ட, துருவ ஒளி பார்க்க வழிகாட்டியோடு சிறு குழுப் பயணம் என்று எழுதியிருந்தது.

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். “காட்டுக்குள்ள போய் ஆரைத் தேடப்போறாய்? அவன் அங்கதான் நிக்கிறான் எண்டு ஆர் சொன்னது?”

“வெளிச்சம் தெரியிற இடத்திலதானே அவன் நிண்டவன். நான் போறன்.”

அகதிகளுக்குத் தரும் நீலக் கடவுச்சீட்டு என்னிடம் இருந்தது. தம்பியின் படத்தையும், அவனுக்கென்று வாங்கி வைத்திருந்த கம்பளித் தொப்பியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

குழுவில் பத்துப் பேர்கூட இல்லை. எல்லாரும் ஓய்வுபெற்ற ஜெர்மன்காரர். கழுத்தில் கமரா, சுடுதண்ணிப் போத்தலில் தேநீர். நல்ல இருட்டு வேண்டும் என்று பஸ்ஸுக்குள் இருந்து ஜெபம் செய்யாத குறை. வருடக் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊரிலிருந்து வந்தவள் நான். இருட்டைத் தேடி இவ்வளவு தூரம் வருகிறவர்களைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த கிழவி மட்டும் பிஸ்கட்டை நீட்டி, உங்கள் நாட்டில் பனி இல்லைத்தானே என்று அன்பாகக் கேட்டாள். அவளோடு கோபிக்க முடியவில்லை.

பஸ் நின்ற ஒவ்வொரு பெற்றோல் நிலையத்திலும், சாப்பாட்டுக் கடையிலும் தம்பியின் படத்தை நீட்டினேன். இல்லை, இல்லை என்றார்கள். கடைசியில் வழிகாட்டியிடமே நீட்டினேன். அவன் ஜெர்மன் தெரிந்த ஒரு நோர்வேக்காரன்.

“இந்த வெளிச்சத்தைப் பார்த்ததாக என் தம்பி சொன்னான். அப்படியென்றால் அவன் இங்கேதானே இருந்திருப்பான்?”

அவன் படத்தை நெடுநேரம் பார்த்தான். இது இங்கே மட்டும் தெரிகிற வெளிச்சம் இல்லை, பின்லாந்திலும் தெரியும், ரஷ்யாவின் வடக்கு முழுக்கத் தெரியும், பூமியின் உச்சியைச் சுற்றி எல்லா இடத்திலும் தெரியும் என்று மெதுவாகச் சொன்னான். நான் என் தம்பி நிற்கும் ஒரு காட்டைத் தேடியல்லவா வந்திருந்தேன்.

அன்று பின்னேரமே இருட்டிவிட்டது. வழிகாட்டி காட்டோரமாகப் பஸ்ஸை நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, டோர்ச்சுகளை அணைக்கச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அது வந்தது. பச்சைச் சீலையேதான். தம்பி சொன்னது போல நல்ல வடிவாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காட்டைப் பார்த்து, “தம்பீ! அக்கா வந்திருக்கிறன்! வெளியால வாடா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கிழவி கை தட்டிச் சிரித்தாள். வெளிச்சத்தைக் கண்ட சந்தோஷத்தில் நான் கத்துகிறேன் என்று நினைத்துவிட்டாள். மற்றவர்களும் வானத்தைப் பார்த்து ஓவென்று கத்தத் தொடங்கினார்கள். காட்டிலிருந்து பதில் வந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. வழிகாட்டி மட்டும் கத்தாமல் காட்டுப் பக்கம் திரும்பி நின்றான்.

பிறகு ஒரு செய்தியும் இல்லை. கேட்காத இடமில்லை. அவன் வருவான் என்று சொல்லிக்கொண்டே அம்மாவும் கண்ணை மூடினார். தொப்பி அலுமாரியில் இருக்கிறது.

அன்றைக்கு நான் கூப்பிட்டது தமிழில். தமிழில் கூப்பிட்டாலும் வாய் திறக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து ஒருவர் சொல்லும் கேளாதவன், அந்த ஒரு நாள் மட்டும் சொல்வழி கேட்டு, அந்தக் காட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.