ரஃபீக்கின் திங்கட்கிழமை

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், நம் துப்பாக்கி சுடும் குழுவுக்கு ஹரி எழுதியிருந்தான்: "ரஃபீக் இறந்துட்டான். காய்ச்சல் திடீர்னு மோசமாயிடுச்சாம்." பயிற்சி ரத்து, ஆசிரியைக்குக் கல்யாணம், கேன்டீனில் இலவசப் பரோட்டா என்று அங்கே பொய்ச் செய்தி பரப்புவது என் வேலை. எல்லாரும் சேர்ந்து பழிவாங்குகிறீர்கள் என்று நினைத்தேன். கைதட்டும் பொம்மை ஒன்றைப் போட்டு, "நடிப்பு பத்தலை லா" என்று பதில் எழுதினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் எனக்குப் புரிந்தது. உடனே அழித்துவிட்டேன். ஆனால் ஒரு செய்தி நீக்கப்பட்டது என்ற வரி, அவன் மரணச் செய்திக்குக் கீழே, என் பெயரோடு இன்னும் இருக்கிறது.

அவனைத் தெரியாத புதியவர்களுக்குச் சொல்கிறேன். ரஃபீக் அணியில் நான்காவது ஆள். போட்டியில் சுடுவது மூவர். நான்காமவன் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும் என்று காத்திருப்பவன். எங்கள் மூவருக்கும் தும்மல்கூட வந்ததில்லை. அதனால் அவன் எங்கள் காற்றுத் துப்பாக்கிகளின் உடம்பைப் பார்த்துக்கொண்டான். முதியவர்கள் வைத்திருக்கும் மாத்திரை டப்பா ஒன்று அவனிடம் இருந்தது, கிழமைக்கு ஓர் அறையாக. திங்களில், காற்று உருளை துப்பாக்கியோடு சேரும் இடத்துக்கான ரப்பர் வளையங்கள். செவ்வாயில் திருகாணிகள். புதனில் சின்னச் சுருள்வில்கள். ஞாயிறு, ஓய்வு பெற்றவர்களுக்கு. கழற்றிய பழைய பாகங்களை, கடையில் காட்டி அதே அளவில் வாங்குவதற்காக அதில் போட்டு வைப்பான்.

"பழசை ஞாயிறுல போடு. மறந்து திங்கள்ல போட்டேன்னு வை, அடுத்த ஆள் அதையே எடுத்து மாட்டிடுவான். அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்பான். நாளாக ஆக நம் பேச்சே மாறிப்போனது. "ரஃபீக், ஒரு திங்கள் கொடு" என்று நான் கேட்பதைப் பார்த்து, புதிதாக வந்த பயிற்றுநர் தன் கைபேசியில் தேதியைச் சரிபார்த்தார்.

ஒரு பயிற்சியின்போது என் துப்பாக்கி பாம்பு மாதிரி சீறியது. வளையம் கிழிந்து காற்று கசிந்தால் அப்படித்தான் சத்தம் வரும். குண்டும் இலக்குக்குக் கீழே போகும். ரஃபீக் தரையில் மண்டியிட்டு வேலையைத் தொடங்கினான். நான் மேலே நின்று கச்சேரியைத் தொடங்கினேன். "டப்பாவுல உனக்கு எந்தக் கிழமை? நீயே ஒரு ஸ்பேர் தானே."

எல்லாரும் சிரித்தோம். அவனும்தான். "ஆமா. ஆனா ஸ்பேருக்கும் சைஸ் சரியா இருக்கணும்ல? சிரிச்சு முடிச்சிட்டியா? இந்த மூடியைப் பிடி."

அந்த நகைச்சுவை எனக்கே ரொம்பப் பிடித்துப்போய், நான்காவது ஆளுக்கு, ஞாயிறிலிருந்து எண்ணினால் நான்காவது கிழமை என்று, கொஞ்ச காலம் அவனைப் புதன் என்றுதான் கூப்பிட்டேன். இப்போது புதன்கிழமை வந்தால் முகம் சுடுகிறது.

ஜனாஸா தொழுகை முடிந்து பொங்கோலில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நின்றிருந்தோம். அவன் அத்தா என்னைப் பார்த்ததும் அருகில் வந்தார். "நீதானே நந்தினி? நீ பண்ற சேட்டையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்மா." எந்தச் சேட்டையைச் சொன்னான் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் மாத்திரை டப்பாவை என் கையில் வைத்தார். "இது ஸ்கூல் சாமான். திருப்பிக் கொடுத்துடணும்."

அடுத்த பயிற்சியில் என் துப்பாக்கி மறுபடியும் சீறியது. சனிக்கிழமை போட்டி. டப்பாவைத் திறந்தேன். திங்கள் காலி. குழுவைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியையிடம் போனேன். பயிற்றுநர் வாங்குவதாக அவர் நினைத்திருந்தார். பள்ளி வாங்குவதாகப் பயிற்றுநர் நினைத்திருந்தார். நாமோ எதையுமே நினைத்திருக்கவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது போல, டப்பாவைத் திறந்தால் வளையம் வந்தது.

"அவன்தான் வாங்குவான். தேக்காவுல அவங்க அத்தா கடைக்குப் போற வழியில ஜாலான் புசார்ல இறங்கி அங்க இருக்கிற ஹார்டுவேர் கடைக்குப் போவான். உனக்குத் தெரியாதா?" என்றான் ஹரி.

தெரியாது. இத்தனை வளையம் வாங்கிக்கொண்டவள், இது ஏது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு வாய் நீளம் என்று வேறு பெயர்.

பிறகு ஹரி மெதுவாகச் சொன்னான். "அவனோட துப்பாக்கியில புதுசு இருக்கு, நந்து. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி மாட்டினான்."

இருந்தபோது எடுத்தது போதாதென்று இப்போதுமா? எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அப்படிச் சொன்னால் சுடுவதற்கென்று ஒருவன் இருந்தான். இப்போது நான் விலகினால் அணியே இல்லை. ஆசிரியை அலமாரியைத் திறந்துவிட்டார். பள்ளியிலேயே பழைய துப்பாக்கி அவனுடையது. இரவல் பாகம் போட ஹரி ஒருமுறை கூச்சப்பட்டபோது ரஃபீக் சொன்னது நினைவுக்கு வந்தது: "துப்பாக்கிக்கு ஆள் தெரியாது லா. அளவு தெரியும், அவ்வளவுதான்." கழற்றினேன். என்னுடையதில் மாட்டினேன். மூடியைப் பிடிக்க ஆளில்லாமல் இரண்டு தடவை கீழே விழுந்தது. மாட்டி முடித்ததும் சீற்றம் நின்றது. கிழிந்ததை ஞாயிறில் போட்டேன்.

போட்டியில் சுட்டோம். முடிவு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அதன் பிறகு நடந்தது. நேராக ஜாலான் புசாருக்குப் போனேன். ஹரி சொன்ன கடையில் டப்பாவை மேசைமேல் வைத்ததுமே கடைக்காரர் சிரித்தார். "அட, மாத்திரை டப்பா. தம்பி வரலையாம்மா? லீவா?"

லீவு என்ற சொல்லை வைத்து ஒரு பதில் என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அப்படித்தான் எனக்கு எப்போதும் வரும். விழுங்கினேன்.

"இறந்துட்டான் அண்ணே."

அவர் ஞாயிறு அறையைத் திறந்து, கிழிந்த வளையத்தை எடுத்து விரலில் வைத்து அளவு பார்த்தார். பிறகு, "எத்தனை வேணும்?" என்றார்.

"அவன் எத்தனை வாங்குவான்?"

"நாலு."

நான்கு வாங்கினேன். முதலாவதை அவன் துப்பாக்கியில் மாட்டினேன். மற்றவை திங்களில் இருக்கின்றன. கிழிந்ததை மட்டும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கடையில் அளவு காட்ட அது வேண்டும்.

டப்பா இனி என் பையில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது இது ஏது என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்காத கேள்வி அது. உங்களுக்காவது அவன் பெயரைச் சொல்கிறேன்.