ரெண்டாக வெட்டிய பாரசீகக் கம்பளம்: தேர்வாய் கண்டிகையிலிருந்து வள்ளூர் வரை

பழைய கைநெசவுப் பாரசீகக் கம்பளம் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று நான் அலைய ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகிறது. கணவரின் வேலைக்காக மஸ்கட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டு இரானியக் குடும்பத்தின் கூடத்தில் ஒன்றைப் பார்த்துப் பிடித்த பைத்தியம் இது. சென்னைக் கடைகளில் சொல்லும் விலை நமக்குக் கட்டாது. அதனால் தொழிற்சாலை ஊர்களில் வேலை பார்த்துவிட்டு நாடு திரும்பிய வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன சாமான்களில் தேடுகிறேன். இதுவரை அகப்பட்டதெல்லாம் மெஷினில் நெய்த நைலான்தான்.

போன மே மாதம், பழைய பொருட்கள் வாங்கி விற்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. செங்கல் நிறத்தில் ஒரு கம்பளம், நடுவே கோணல்மாணலான பெரிய பதக்கம். இரானின் ஹெரிஸ் பக்கத்து நெசவு போலத் தெரிந்தது. பதக்கத்தின் ஒரு பாதி கட்டிலுக்கு அடியில் மறைந்திருந்தது. இடம் தேர்வாய் கண்டிகை. "வெயில்ல என்னால முடியாது, நீ போய்ட்டு வா" என்றார் கணவர். முட்டிவலியோடு நான் கிளம்பினேன்.

அம்பத்தூரிலிருந்து காலை ஆறரைக்கு நானும் டிரைவருமாகப் புறப்பட்டோம். நாள் முழுவதற்கும் வாடகைக் கார் 3,200 ரூபாய், டோல் தனி. கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயில் உண்டு, ஆனால் ஆறடிக் கம்பளத்தோடு அதில் திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள். செங்குன்றம் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் முன்னாலும் பின்னாலும் சேர்ந்துகொண்டன. காரனோடைப் பாலம் வருவதற்குள்ளேயே எனக்குத் தலை வலித்தது. கவரைப்பேட்டையில் டிரைவர் பாபு வண்டியை ஓரம்கட்டினார்.

"நாஷ்டா இங்கியே முட்ச்சிக்கலாம் மேடம். உள்ள போனா ஒண்ணியும் கெடைக்காது."

அவர் சொன்னது சரி. இடதுபுறம் சத்தியவேடு சாலையில் திரும்பியபின் வயலும் தொழிற்சாலைச் சுவரும் மாறி மாறி வந்தன, கடை கிடையாது. வீட்டைக் கண்டுபிடிக்கும்போது மணி ஒன்பதாகிவிட்டது. மொத்தம் ஐம்பது கிலோமீட்டர் இருக்கும்.

விற்கிறவர் பெயர் ஏழுமலை. பக்கத்துத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நைட் ஷிப்ட் முடிந்து வந்த கண்ணோடு எனக்காகத் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்த கம்பளத்தின் மேல் ஒரு நாய் படுத்திருந்தது. அதை விரட்டிவிட்டு வெளியே இழுத்துப் போட்டார்.

முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வாசகர்களும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். முடிச்சுகள் ஒன்றுபோல் இல்லாமல் சின்னதும் பெரிதுமாக இருந்தன. முன்பக்கத்துப் பூ பின்னாலும் அப்படியே தெரிந்தது. ஓரத்துக் குஞ்சம் தைத்து ஒட்டியதல்ல, நெடுக்கே ஓடும் பாவு நூலே நீண்டு வந்திருந்தது. சிவப்பு ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் பட்டை பட்டையாக ஓடியது. ஒரு முறை சாயம் தோய்த்த கம்பளி தீர்ந்து அடுத்ததை எடுத்திருக்கிறார்கள். மெஷினில் இதெல்லாம் வராது. ஐந்து வருடத்தில் முதல் முறையாக அசல் ஒன்றைத் தொட்டிருக்கிறேன்.

அப்புறம் மறுமுனையைப் பார்த்தேன். குஞ்சம் இல்லை. பதக்கத்தின் குறுக்கே, நூல் பிடித்த மாதிரி நேராக, கத்தியால் வெட்டியிருந்தது.

"இன்னும் பாதி எங்கங்க?"

"அது தம்பியாண்ட கீது மேடம்."

அவர்களுடைய அப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு வெளிநாட்டு இன்ஜினியருக்குக் கார் ஓட்டியவர். ஊருக்குத் திரும்பும்போது அந்தக் குடும்பம் கொடுத்த கம்பளத்தில்தான் கடைசிவரை படுத்திருந்தாராம். "நைனா போனப்புறம் எல்லாத்தியும் ரெண்டா பிரிச்சோம். இத்த மட்டும் அவனும் உடல, நானும் உடல. டேப் வெச்சி அளந்து கரெக்டா நடுவுல வெட்டிட்டேன். மூணு வருஷமாச்சி. அதோட பேச்சு வார்த்த இல்ல."

இவ்வளவு தூரம் வந்தது பாதிக் கம்பளத்துக்கா? திட்டக்கூடத் தெம்பில்லை. ஆனால் மனசு கணக்குப் போட்டது. இரண்டையும் சேர்த்தால் கம்பளம் பழுது பார்க்கிறவர் ஒட்டித் தைத்துவிடுவார். தழும்பு தெரியும், விலை போகாது. நான் என்ன, விற்கவா வாங்குகிறேன்?

"தம்பி தருவாரா?"

"டப்பு காமிச்சா குட்த்துருவான். அவனுக்கும் அது பேஜாருதான. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லாதீங்க."

பன்னிரண்டாயிரத்துக்கு முடித்து போனிலேயே பணம் அனுப்பினேன். பாபு அந்தப் பாதியைச் சுருட்டி டிக்கியில் வைத்தார்.

தம்பி வீடு வள்ளூரில். கவரைப்பேட்டைக்குத் திரும்பி, பொன்னேரி, மீஞ்சூர் வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஏசி போட்டும் வேர்த்தது. மீஞ்சூரில் லாரிகளுக்கு நடுவே மாட்டி அரை மணி நேரம் நகரவேயில்லை. வள்ளூரில் இறங்கியதும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் நாக்கில் கரகரத்தது. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

தம்பி தேவராஜ் அங்கே ஒப்பந்த வேலை பார்க்கிறார். அவர் மனைவி மெர்சி கதவைத் திறந்தார். கம்பளம் பார்க்க வந்தேன் என்றதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடத்தில் பழைய புடவை ஒன்றை விரித்திருந்தார்கள். மெர்சி அதை எடுத்தார். அடியில் இருந்தது மறுபாதி. சாம்பல் படாமல் மூடி வைத்திருக்கிறார். வெட்டின ஓரம் பிரியாமலிருக்க நைலான் நூலால் அடித்திருந்தார். அந்த நூல் கம்பளியை இழுத்துச் சுருக்கியிருந்தது என்றாலும் ஒரு முடிச்சுகூட உதிரவில்லை.

"நாங்க விக்கறதா சொல்லலியே" என்றார் தேவராஜ். "யாரு சொன்னது?"

பொய் சொல்லத் தெம்பில்லை. இன்னொரு பாதி காரில் இருக்கிறது என்றேன்.

அவரே போய் எடுத்து வந்தார். டிவி ஸ்டாண்டை நகர்த்தி, வெட்டோடு வெட்டு வைத்து விரித்தோம். ஒரு பக்கம் வெளிறி, நாய் முடியோடு. மறுபக்கம் மாதுளை நிறத்தில். ஆனாலும் பதக்கம் சேர்ந்துகொண்டது. தேவராஜ் சட்டென்று போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, முகத்துக்கு நேரே பிடித்துக் கத்தினார்.

"நைனா படுத்தத வித்துட்டியா?"

"மூணு வருஷத்துல நீ ஒரு வார்த்த கேட்டியாடா? நாய் படுத்துக்கினு கீது, போய்த் தொலையட்டும்னு வித்தேன்" என்றது ஏழுமலையின் குரல்.

"வேணாம்னா என்னாண்ட குட்த்திருக்க வேண்டிதான?"

ஏழுமலையின் குரல் இறங்கியது.

"உனுக்கு வேணுமா?"

"வேணும்."

"மேடம் அங்க கீறாங்களா? மேடம், உங்க டப்ப திருப்பிப் போட்டு உட்டுர்றேன். அத்த அங்கியே உட்டுட்டுப் போறீங்களா?"

நான் பெருந்தன்மைக்காரி என்று நினைக்க வேண்டாம். பணம் கொடுத்து வாங்கியது, என் பொருள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைக்கச் சொன்னேன். பிறகு தேவராஜிடம் அவருடைய பாதிக்கு அறுபதாயிரம் தருவதாகச் சொன்னேன். என் வாழ்நாளில் எந்தப் பொருளுக்கும் நான் அவ்வளவு சொன்னதில்லை.

மெர்சி தரையையே பார்த்தார். "நல்ல காசுதான். நீ சொல்லு" என்றார் கணவரிடம்.

தேவராஜ் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பதான் மேடம் அவனாண்ட பேசிருக்கேன்" என்றார்.

அதற்கு மேல் என்ன பேரம் பேசுவது? சரி என்றேன். தேவராஜ் அண்ணனுக்குச் சொன்ன ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டாயிரமும் என் கணக்குக்குத் திரும்பி வந்தது. மெர்சி சோறும் வஞ்சிர மீன் குழம்பும் போட்டார். பாபுவுக்கும் எனக்கும் அந்தக் கம்பளத்தின் மேலேயே இலை விரிக்கப் போனவரைத் தடுத்து, நாங்கள் சமையலறைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டோம். கிளம்பும் முன் நான் மட்டும் வந்து கம்பளத்தின் நடுவில் ஒரு முறை உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. முட்டி ஒரு காரணம்.

"இருங்க மேடம், இன்னா அவசரம்" என்றார் தேவராஜ்.

வீட்டுக்கு வரும்போது மணி ஆறு. வெறுங்கை. இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அந்தச் சிவப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்தப் பக்கம் தேடிப் போகிறவர்களுக்கு: வெயில் காலம் வேண்டாம், கார்த்திகைக்குப் பிறகு போங்கள். கிளம்பும் முன் நான்கு மூலையும் தெரிகிற படமும், பின்பக்கப் படமும் கேட்டு வாங்குங்கள். ஓரத்திலிருந்து உதிர்ந்த இழை ஒன்றை எரித்துப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்தால் கம்பளி, பிளாஸ்டிக் நாற்றம் வந்தால் திரும்பி நடங்கள். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள். முக்கியமாக, பணம் கொடுக்கும் முன் குடும்பத்தில் வேறு யாருக்காவது இது வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாருக்கும் வேண்டாம் என்றுதான் ஏழுமலை சொல்லியிருப்பார். மூன்று வருடமாக அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.