அக்காவின் ஊசியும் என் சாயமும்

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை கேட்ட சித்தி மகன், "அன்பே உருவானவர், அதிர்ந்து பேசாதவர்னு எழுதுண்ணே, போதும்" என்றான். அக்கா அதிர்ந்து பேசிக் கேட்காதவர் நம் குடும்பத்தில் யாரும் இல்லை. பூசி மெழுகுவது அவருக்குப் பிடிக்காது. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அக்கா கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துக் காலமானபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. தோட்டம் கைமாறியதும் என்னை அழைத்துக்கொண்டு லகாட்டுக்கு வந்தார். பல் மருத்துவத் தாதியானார். எனக்காகத் தம் கல்யாணப் பேச்சை எடுக்கவே விடவில்லை. இத்தனைக்கும் பிறகு நான் ஈப்போவில் வீடுகளுக்குச் சாயம் பூசுபவனாகத்தான் ஆனேன். அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. கல்யாண வீடுகளில் அவரைக் கண்டால் பிள்ளைகள் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். லட்டை ஒளிந்து நின்றுதான் தின்னும்.

கடைசியாகக் கடலோர லூமுட்டில் வேலை பார்த்தார். கிளினிக் சன்னலில் பாய்மரப் படகுகள் தெரியும். ஓய்வு பெற்றதும், வெள்ளைக்காரர் ஒருவர் படகுப் பட்டறையில் விட்டுப்போன பழைய மரப் படகை வாங்கிவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. அதை ஒருநாள் கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றார்.

சனிக்கிழமைதோறும் இருவரும் போவோம். பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே, உளுத்த மரம் பார்க்க ஓர் ஆணியை நீட்டினார். அக்கா கைப்பையிலிருந்து, பல்லில் சொத்தை பார்க்கும் வளைந்த ஊசியை எடுத்தார். குத்தினால் இறங்கக்கூடாது. இறங்கினால் நல்ல மரம் வரும்வரை சுரண்டியெடுத்து, புதுத் துண்டு வைத்துப் பசை போட்டு அடைக்க வேண்டும். அவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அக்கா ஊசியோடு திரும்பினால் தவுக்கே வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார். இப்படியே மூன்று ஆண்டுகள் ஓடின.

பிறகு ஒரு தீபாவளிக்கு முன் அக்காவை மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டர் சுற்றி வளைத்துப் பேசினார்.

"குத்திப் பாத்துட்டீங்கள்ல? எவ்வளவு தூரம் இறங்குதுன்னு சொல்லுங்க" என்றார் அக்கா.

சில மாதங்கள் என்றார் டாக்டர்.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தேன். தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூசுவதுபோல் படகுக்கும் வெள்ளையும் நீலமுமாக மூன்று கை பூசினேன். அக்கா வந்து பார்த்தார், ஊசியை எடுத்தார். அது கைப்பிடிவரை இறங்கியது.

"சொத்தப் பல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்க தம்பி. எல்லாத்தையும் சொரண்டுலா."

சுரண்ட நான்கு சனிக்கிழமைகள் போயின. அதற்குள் அவருக்கு ஏணி ஏறுவதே சிரமமாகிவிட்டது. எல்லாம் முடிந்து, பின்பக்கத்து உட்காரும் பலகை மட்டும் உளுத்துக் கிடந்தது. மாற்ற இன்னும் இரண்டு வாரம் வேண்டும். நான் பயந்துபோனேன். மக்குப் பசை வைத்து அடைத்துச் சாயம் பூசிவிட்டு, "பாத்தாச்சுக்கா. நல்ல மரம்" என்றேன். அக்காவிடம் நான் சொன்ன முதல் பொய் அல்ல. மாட்டிக்கொள்ளாத முதல் பொய் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை படகைத் தண்ணீரில் இறக்கினோம். எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்ட வேண்டும் என்று சொல்லி, என்னையும் தவுக்கேயையும் தேநீர் வாங்க அனுப்பினார். திரும்பி வந்ததும், மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். தவுக்கே காற்றுக்குப் படகின் பாயை விரித்தார். அக்கா தாமே மாற்றிய நடுப்பலகையில் அமர்ந்துகொண்டு பின்பக்கத்தைக் காட்டினார்.

"நீ அங்க உட்காருலா தம்பி. தலைவன் எடம் அது."

மறுக்க வழியில்லை. பாரம் முழுவதையும் காலில் தாங்கி, உட்கார்ந்ததுபோல் பாவனை செய்துகொண்டு ஒரு மணி நேரம் போனேன். தொடை நடுங்கியது. அக்கா அடிக்கடி திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கடல் செய்த வேலை என்று நினைத்தேன். அடுத்த மாதம் வீட்டிலேயே அமைதியாக உயிர் பிரிந்தது.

சென்ற மாதம் அந்தப் பலகையை ஒழுங்காக மாற்றலாம் என்று படகில் ஏறினேன். சாயத்தைச் சுரண்டக் குனிந்தபோது, ஓரத்தில் ஊசிமுனை அகலத்தில் மூன்று சின்னத் துளைகள் ஒரே வரிசையில் தெரிந்தன. அன்று சூடம் மட்டும் காட்டவில்லை அக்கா. நான்கு வாரம் என்னைச் சுரண்டவைத்தவர், அந்த ஒருமுறை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த லகாட் அண்டை வீட்டாருக்கும், வாய் பொத்தியபடியே உதவிய தவுக்கேவுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பலகையை மாற்றிவிட்டேன். அக்காவின் ஊசியால் மூன்று இடத்தில் குத்தியும் பார்த்தேன், இறங்கவில்லை. நல்ல மரம், அக்கா.