சந்தனம் வைத்த பல்பு

அப்பா சொல்லி நான் கேட்ட பொய் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரு கார் பல்புக்காக.

எண்பதுகளில் திண்டிவனத்தில் அப்பா வாடகைக் கார் ஓட்டினார். அம்பாசடர். வண்டி முதலாளியுடையது, நிற்பது எங்கள் வாசலில். அந்தப் பௌர்ணமிக்கு நீயே குடும்பத்தோடு எடுத்துப் போ என்று முதலாளி சொல்லிவிட்டார். திருவக்கரைக் கோயிலுக்குப் போவதென்று முடிவானது. விழுப்புரத்திலிருந்து பெரியம்மா, அம்மாவின் அக்கா, வந்து சேர்ந்தாள்.

அத்தை எங்களோடுதான் இருந்தாள். அப்பாவின் தங்கை. மாமா செத்து வருசம் திரும்பவில்லை. அவள் வருவதா வேண்டாமா என்பதுதான் காலையிலிருந்து பேச்சு.

"கோயிலுக்குப் போற வண்டி. அதுல அவளும் ஏறணுமா?" என்று பெரியம்மா அம்மாவிடம் கேட்டாள். அம்மா புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தது அத்தைதான். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முன்விளக்கில் ஒன்று எரியாமல் இருந்தது. அப்பா விழுப்புரம் போய் ஹாலஜன் பல்பு ஜோடியாக வாங்கி வந்திருந்தார். அப்போது அது புதுசு. கண்ணாடியில் விரல் பட்டால், எண்ணெய்ப் பசையில் சூடேறி வெடித்துவிடும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினாராம். அப்பா அதை வீட்டில் எல்லோருக்கும் இரண்டு தரம் சொன்னார்.

விளக்கைச் சுற்றியிருந்த வளையத்தைக் கழற்றினார். திருகாணிகளை என் பாவாடையில் போட்டார். பின்னால் இருந்த ரப்பர் மூடியை உருவி, பழைய பல்பை எடுத்தார். புதுசை மஞ்சள் துணியில் பிடித்து ஒரு பக்கம் மாட்டினார். அடுத்ததை எடுத்தவர் நின்றார்.

எங்கள் வீட்டில் புதுச் சாமான் எதுவும் பொட்டு வைக்காமல் புழக்கத்துக்கு வராது. குடை, அலாரக் கடிகாரம், சைக்கிள் பம்பு எல்லாவற்றுக்கும் உண்டு. விரல் படக்கூடாது என்றாரே தவிர, சந்தனத்தைப் பற்றிக் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா பல்பை அத்தையிடம் நீட்டினார்.

"நீ வைம்மா."

"நான் எதுக்குண்ணா? அண்ணி வெக்கட்டும்."

"அவ வேலையா கீறா. ஜல்தி வை, பொழுது போவுது."

அத்தை கையைச் சேலையில் துடைத்தாள். ஒரு குச்சியால் சந்தனத்தைத் தொட்டு, கண்ணாடியில் பாதி மல்லாட்டைக் கடலை அளவுக்கு ஒரு பொட்டு வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது.

பெரியம்மா வாசற்படியிலிருந்து பார்த்தாள். இறங்கி வந்து, முதலில் மாட்டிய விளக்கின் வெளிக் கண்ணாடியில், மேல்பாதியில் அடித்திருந்த கறுப்பு பெயிண்டுக்குக் கீழே, பெரிசாகக் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் எல்லோரும் வந்து நின்றோம். அப்பா சுவிட்சைப் போட்டார். எதிர்வீட்டுச் சுவர் வெள்ளையாகிவிட்டது. கொஞ்ச நேரம்தான். டப்பென்று ஒரு சத்தம். அத்தை பொட்டு வைத்த பக்கம் இருட்டு. பெரியம்மாவின் பக்கம் எரிந்துகொண்டே இருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் பெரியம்மா. "வண்டியே சொல்லுது."

அத்தை வீட்டுக்குள் போகத் திரும்பினாள்.

அப்பா சூடு ஆறும்வரை நின்று, பல்பைக் கழற்றினார். நான் பக்கத்தில் இருந்தேன். பொட்டு இருந்த இடம் கருகி, அங்கேயே கண்ணாடி பிளந்திருந்தது. அப்பா அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத் துணியில் சுருட்டினார்.

"என் கைதான் யக்கா," என்றார். "தொடாதன்னு கடைக்காரன் படிச்சுப் படிச்சு சொன்னான். நான் தொட்டுட்டேன்."

"இல்லப்பா, நீ துணியிலதான—"

"நீ போயி அந்தப் பழைய பல்பை எட்த்தா. ரெண்டுல எரிஞ்சுதே, அது. போ."

எடுத்து வந்தேன். மாட்டினார். ஒரு கண் வெள்ளை, ஒரு கண் மஞ்சள். அத்தையைக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். பெரியம்மாவுக்குச் சொல்ல வேறு கிடைத்திருந்தது.

"ட்ரைவருன்னு பேரு. ஒரு பல்பு மாட்டத் தெரியல," என்று மயிலம் தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள். அப்பா ஒவ்வொரு தரமும் "ஆமாக்கா" என்றார்.

நான் அத்தை மடியில் இருந்தேன். "அப்பா தொடவே இல்ல அத்தை," என்று அவள் காதில் சொன்னேன்.

"தெரியும். வாய மூடிக்கினு வா," என்றாள். என்னைச் சுற்றியிருந்த அவள் கை இறுகியது.

பிறகு இன்னொரு தரம் புது பல்பு வந்தது. அப்போதும் அப்பா அதை அத்தையிடமே நீட்டினார்.

"கண்ணாடியில வேணாம்மா. பின்னாடி தகரத்துல வை," என்றார்.

எனக்கு ஒரே குழப்பம். பல்பு ஏன் போனது என்று தெரிந்தவர், அன்றைக்கு ஏன் தன் கையைச் சொன்னார்? இப்போது அந்தக் கையை நினைத்துக் கும்பிடுகிறேன். அப்போது, நம் அப்பாவுக்கு ஞாபகம் சரியில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.